ஜெரேனியத்துக்கு ஒரு குளிர்காலம்

சுனாமி வந்து ஐந்தாவது கிழமை அக்கா சுவிஸிலிருந்து வந்தாள். அவளுடைய பெட்டிக்குள் உடுப்பு, சொக்லேட், அம்மாவுக்குப் பிரஷர் குளிசை, எல்லாவற்றுக்கும் அடியில் ஈரப் பேப்பரில் சுற்றிய ஒரு பொதி. பிரித்துப் பார்த்தேன். மண் ஒட்டிய கறுத்த வேர்த் துண்டுகள் ஏழோ எட்டோ கிடந்தன. இஞ்சி என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது.

"இது ஜெரேனியம் புள்ள. எங்கட வீட்டுப் பின்பக்கம் நிக்கிறது. பனி விழுந்தாச் செத்த மாதிரிக் கிடக்கும். பிறகு பார்த்தா அதே இடத்தில திரும்ப வரும்" என்றாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கரைவலை இழுக்கப் போன அப்பாவைக் கடல் கொண்டுபோய் ஒரு மாதத்துக்கு மேல். திரும்ப வருகிற எதைப் பற்றியும் கேட்கும் நிலையில் நான் இல்லை. செத்த வீட்டுக்கு வர முடியாமல் போனவள், சாகாத ஒன்றைக் கையில் கொண்டுவர நினைத்திருக்கிறாள் என்று இப்போது விளங்குகிறது. பதினாறு வயதில் அதெல்லாம் எங்கே விளங்கும்? "இதையா காவிக்கொண்டு வந்த?" என்று கேட்டுவிட்டேன். அவள் இரண்டு கிழமை இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். வேர் என் தலையில் விழுந்தது.

எங்கள் வீடு செட்டிபாளையத்தில், கடலை விட வாவிக்குக் கிட்ட. அதனால் தண்ணீர் இடுப்பளவு வந்து திரும்பிவிட்டது. போகும்போது உப்பை விட்டுவிட்டுப் போனது. கிணற்றை மூன்று தரம் இறைத்தும் தேநீர் கரித்தது. வளவில் மிளகாய் இல்லை, கத்தரி இல்லை. அந்த மண்ணில் ஒரு சீமைச் செடியை நட வேண்டும் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனாலும் நட்டேன். குசினிச் சுவரின் நிழல் விழும் பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்கு மணலை அள்ளி எறிந்துவிட்டு, வயல் வட்டையிலிருந்து கொண்டுவந்த களிமண்ணும் மாட்டெருவும் உமிச் சாம்பலும் போட்டேன். அது அன்பினால் செய்த வேலை இல்லை. ஏதாவது செய்யாவிட்டால் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செடி வந்தது. கையை விரித்தது போல வெட்டு வெட்டான இலை. கசக்கினால் ஒரு வாசம், நல்லதென்றும் சொல்ல முடியாது, கூடாதென்றும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் கீரையென்று நினைத்துச் சுண்டுவதற்கு ஒரு பிடி ஆய்ந்துவிட்டார், நல்ல காலம் சட்டிக்குப் போக முதல் கண்டுவிட்டேன். இலை மட்டும் மதமதவென்று வந்தது. ஒரு வருடம் போனது, இரண்டு வருடம் போனது. ஒரு மொட்டுக்கூட இல்லை.

அதற்குள் சண்டைக்குப் பிள்ளை பிடிக்கும் காலம் வந்துவிட்டது. யார் பிடித்தார்கள் என்று அப்போதும் நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போதும் நான் சொல்லப் போவதில்லை. டியூஷன் முடிந்து வரும் வழியில், கோயில் திருவிழாவில், சில வேளை வீட்டுக்குள்ளேயே வந்து. எங்கள் பள்ளிக்கூட வீதியில் ஒரு பிள்ளையை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிய அன்று அம்மா என் புத்தகங்களை அள்ளி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நான் அப்போது உயர்தரம் இரண்டாம் வருடம். பரீட்சை எழுதி, கம்பஸ் போய், ஆசிரியையாக வேண்டும் என்பது என் எண்ணம். அதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை.

கலியாணம் முடித்தவர்களைப் பிடிப்பதில்லை என்று ஒரு கதை ஊரெல்லாம் உலாவியது. அதை நம்பி என் வகுப்பில் பாதிப் பேருக்குக் கழுத்தில் தாலி ஏறிவிட்டது. அம்மாவும் பத்தே நாளில் ஒருவரைக் கண்டுபிடித்தார். கதிரவெளிப் பொடியன், இருபத்து மூன்று வயது. சுனாமியில் வீடு போய், ஆரையம்பதியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்துகொண்டு சைக்கிளில் மீன் விற்கிறவர். தகப்பன் இல்லை, தாய் மட்டும் கதிரவெளியில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். அவரிடம் பெட்டியும் இருக்கவில்லை, ஒரு சொப்பிங் பையோடு வந்தார். அம்மா எனக்கென்று எழுதி வைத்த வீட்டில், ஒரு புதன்கிழமை காலையில், பதிவுகாரர் முன்னால் கையெழுத்து வைத்தோம்.

நான் அழவில்லை. கோபத்தில் கண்ணீர் வராது எனக்கு. பின்னேரம் கிணற்றடியில் அவர் கால் கழுவிக்கொண்டு நின்றபோது நேரே போய்ச் சொன்னேன்.

"இது கடதாசிக் கலியாணம்தான். ரோட்டு சரியானா நான் சோதனை எழுதப் போயிடுவன். மறிக்கப்படாது."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "போங்க. நான் மறிக்க மாட்டன்" என்றார். என்னை அவர் நீங்கள் என்றுதான் அழைத்தார், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் வீட்டு முன் மண்டபத்தில் படுத்தார், நான் அம்மாவோடு அறையில்.

கலியாணம் முடித்தால் வெளியே போகலாம் என்றல்லவா நினைத்திருந்தேன்? அதுவும் பொய்த்தது. பெயருக்கு முடித்த கலியாணங்களையும் தேடி வருகிறார்கள் என்று அடுத்த கதை வந்தது. அம்மா இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, நான் படலைக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. மற்றது, மருமகன் ஒரு இரவுகூட வேறு இடத்தில் தங்கக் கூடாது. நிவாரணத்துக்குக் கிடைத்த தகரத்தை வைத்து வளவைச் சுற்றி ஆளுயரத்துக்கு அடைத்தார்கள். தகரத்தில் ஆணி அடித்த ஓட்டைகளால் வீதியைப் பார்த்தேன். சைக்கிள் சத்தத்தில் ஆளைச் சொல்லுவேன். வான் சத்தம் கேட்டால் குசினிக்குள் போய் விறகுக்குப் பின்னால் குந்துவேன். மாரியும் கோடையும் மாறி மாறி வந்தன, எனக்கு அந்த அரை ஏக்கர் மட்டும்தான். மூச்சு முட்டியது என்று சொன்னால் அது வெறும் சொல் இல்லை, சில பகல்களில் உண்மையாகவே வாயைத் திறந்து காற்றை இழுத்தேன். வீடு என் பெயரில் இருந்தது, அதை நினைக்க இன்னும் ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் ஜெரேனியத்தின் மேல் எனக்குப் பிடிவாதம் பிடித்தது. பூக்காமல் விடமாட்டேன் என்ற பிடிவாதம். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் எடுப்பாள். ஒரு ஞாயிறு அவளிடம் சத்தம் போட்டேன், என்ன மலட்டுச் செடியைக் கொண்டுவந்து தந்தாய் என்று.

"அதுக்குக் குளிர் வேணும் புள்ள" என்றாள். "ஆறு கிழமையாவது குளிருக்குள்ள நித்திரை கொண்டாத்தான் மொட்டு வைக்கும். இங்கத்த ஆக்கள் சொன்னாங்க. உனக்கு நான் முதலே சொல்லல்லையா?"

சொல்லவில்லை. பனியைத் தாங்கும் செடி வெயிலையும் தாங்கும் என்று அவளும் நினைத்திருக்கிறாள், நானும் நினைத்திருக்கிறேன். மட்டக்களப்பில் குளிருக்கு எங்கே போக? ஃபோனை வைத்துவிட்டு அம்மாவுக்கு இதைச் சொல்லிச் சிரித்தேன், நல்ல சிரிப்பில்லை அது. என்னைக் கலியாணம் முடித்தவர் மண்டபத்தில் இருந்து சைக்கிள் டியூப் ஓட்டைக்குப் பச் ஒட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் மீன் விற்று முடித்து வந்தவர், சைக்கிளின் பின்னாலிருந்த, மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியை இறக்கி, மிச்சம் கிடந்த ஐஸை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய்ச் செடியின் தூரைச் சுற்றிப் போட்டார். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். மூன்றாம் கிழமை இலையெல்லாம் ஓரம் கருகி மடங்கியது. ஏழு தூரில் நான்கு அழுகிப் போயின. மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

மீன் இறுக்கமாகக் கிடக்க ஐஸுக்கு மேல் உப்புத் தூவுவது மீன்காரர் வழக்கம். தினமும் தன் கையால் தூவுகிற மனிதர் அதை மறந்துவிட்டார். உப்பு மண்ணோடு இரண்டு வருடம் மாரடித்த நான், மீன் பெட்டியின் ஐஸ் என்று தெரிந்தும் ஒரு கணம் யோசிக்கவில்லை. ஏச வேண்டும் போல வாய் துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அடுத்த மாரிக்கு ஒழுங்காகச் செய்தோம். மிச்சம் நின்ற மூன்று தூரையும் இலை வெட்டி, மாஜரின் டின்களில் வைத்து, வேறொரு ரெஜிபோம் பெட்டிக்குள் உமி பரப்பி இறக்கினேன். காலையில் ஐஸ் உடைக்கும் இடத்தில் மீன் ஏற்ற முதல் ஒரு துண்டு சுத்தமான ஐஸைச் சாக்கில் கட்டி வாங்கிக்கொண்டு, திரும்ப வீட்டுக்கு ஓடிவந்து தந்துவிட்டுத்தான் அவர் மீனுக்குப் போவார். அதனால் நல்ல மீனெல்லாம் மற்றவர்கள் எடுத்துவிடுவார்கள், இவருக்குக் கிடைப்பது கழித்தது. நான் ஐஸை உடைத்து டின்களைச் சுற்றி அடுக்கி மூடி, மேலே ஈரச் சாக்குப் போடுவேன். இவர் ஏன் இப்படிப் பாடுபடுகிறார் என்று யோசித்தால் எனக்குப் பயம் வரும். நாளைக்கு ரோட்டுத் திறந்தால், இவ்வளவு செய்தேனே, இரு என்று சொல்வதற்கா? அந்த ஐஸுக்கெல்லாம் ஒருநாள் என்னிடம் பதில் கேட்பார் என்றே நம்பினேன். அவர் சிரித்தால் நான் சிரிப்பதில்லை.

ஐஸ் வைத்து நான்காம் கிழமை, தை மாதம். அம்மா கடைக்குப் போயிருந்தார். தகரத்துக்கு வெளியே ஒரு சைக்கிள் நின்றது. வாகரைப் பக்கமிருந்து கருவாடு கொண்டுவரும் ஒருவர், ஊருக்கெல்லாம் தெரிந்தவர். ஓட்டையால் நான் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"கதிரவெளிப் பொடியன்ட வீடு இதுதானே புள்ள? அவன்ட அம்மா சொல்லிவிட்டவ. கண் மங்கிக்கொண்டு போகுதாம். நரம்பில கோளாறு, ஒண்டும் செய்ய ஏலாதெண்டு ஆசுப்பத்திரியில சொல்லிட்டாங்களாம். முழுக்க இருட்டாகிறத்துக்கு முதல் ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போகட்டாம்."

"ஓம், சொல்றன்" என்றேன்.

சொல்லவில்லை.

கதிரவெளிக்கு அந்த நாளில் போக ஒரு பகல், வர ஒரு பகல். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடந்து ஏற வேண்டும். தாய்க்குக் கண் போகிறது என்றால் யார் ஒரு நாளில் திரும்பி வருவார்? பத்து நாளாவது நிற்பார். பத்து நாள் ஐஸ் இல்லாவிட்டால் செடி விழித்துவிடும், இவ்வளவு பாடும் வீண். ஐஸ் வைக்கிற ஆறு கிழமையும் முடியச் சொல்லுவோம், இன்னும் இரண்டு கிழமைதானே என்று எனக்கு நானே சொன்னேன். அது சாட்டு. உண்மை என்னவென்றால் அவர் இல்லாத முதலாவது இரவே வான் வரும் என்று நான் நம்பினேன். ஆம்பிளைச் செருப்பு வாசலில் இல்லாத வீட்டில் நான் படுத்துக் கிடப்பதை நினைக்கவே முடியவில்லை. அவருடைய தாயின் கண் எனக்கு அன்று பெரிதாகப் படவில்லை. வெட்கமாக இருந்தாலும் அதுதான் நடந்தது.

பங்குனியில் ஒரு தூர் மொட்டு வைத்தது. ஐந்து இதழ், நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே ஒரு நிறம், நடுவில் மெல்லிய கோடுகள். மொத்தம் நான்கு பூ. அம்மா வந்து குனிந்து பார்த்தார்.

"இதுக்கா இந்தப் பாடு? பட்டிப்பூ கேக்காமலே பூத்துக் கொட்டுது."

ஐஸ் சுமந்தவர் மட்டும் டின்னுக்கு முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட அம்மாக்கு இத ஒருக்காக் காட்டணும். அவக்குப் பூவெண்டா உசிர்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு எழும்பாமல் இருந்தார், நான் ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்க்கிறவர் மாதிரி. அப்போதாவது சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் கழித்துச் சொன்னால் ஏன் மறைத்தாய் என்று கேட்பாரே என்ற பயம் முன்னால் வந்து நின்றது. "தண்ணி விடவேணும்" என்று சொல்லி அந்த இடத்தை விட்டுப் போனேன். நான்கு நாளில் பூ உதிர்ந்தது. அடுத்த மாரிக்கு ஐஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். களைத்துவிட்டேன் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு அந்தச் செடியின் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை. ஒரு வருடமும் சரியாகத் தாங்காமல் அது காய்ந்து போனது.

பூத்ததற்கு அடுத்த வருடம் வைகாசியில் வடக்கில் சண்டை முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், எங்கள் வீதியில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அழுகைச் சத்தமும் இல்லை, பேச்சுச் சத்தமும் இல்லை. சில கிழமை போக, வான் வருவது குறைந்தது என்று அம்மாவே ஒருநாள் படலையைத் திறந்து வைத்தார். அலுமாரித் திறப்பையும் தந்தார். நான் களுவாஞ்சிகுடிக்கு நடந்தே போய், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று கேட்டுக்கொண்டு வந்தேன். போகும் வழியெல்லாம் மதிலோரமாக நடந்தேன், வீதி அவ்வளவு அகலமாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தவர் முன்னால் சண்டைக்குத் தயாராக நின்றேன். "வகுப்புத் தொடங்குது. நான் போகப் போறன்."

"ஓம் போங்க. அண்டைக்கே சொன்னன்தானே" என்றார். அவ்வளவுதான். ஐஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பதில்களெல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்தன. அவர் போகாமல் நின்றார். கையைத் துடைத்துக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கக் கேட்கிற பிள்ளையின் குரலில் கேட்டார்.

"அப்ப நான் ஒருக்கா அம்மாவப் பார்த்துட்டு வரட்டா? மூணு நாள் மட்டும்."

என்னிடம் கேட்டார். வீடு என்னுடையது, காவலும் எனக்கு, அதனால் விடுமுறையும் நான்தான் கொடுக்க வேண்டும் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அடைபட்டுக் கிடந்தவள் நான் ஒருத்திதான் என்று எண்ணிக்கொண்டு அத்தனை வருடம் இருந்திருக்கிறேன். "நானும் வாறன்" என்றேன். பஸ்ஸில் போகும்போது எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

சொல்லவில்லை. வாழைச்சேனை தாண்டிச் சொல்லலாம் என்று பார்த்தேன், பிறகு வாகரை தாண்டி. இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டை காட்டி, ஏறி, மறுபடி இறங்கினோம். அவர் ஜன்னலோரம் இருந்து ஒவ்வொரு பாலமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் கண்டதில்லை, அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய தாய், என் மாமி, நிவாரணக் கொட்டிலின் வாசலில் பாய் இழைத்துக்கொண்டிருந்தார். கை தானாக ஓடியது, முகம் வேறெங்கோ பார்த்தது. காலடிச் சத்தத்துக்குத் தலையை நிமிர்த்தினார்.

"அம்மா" என்றார் அவர்.

மாமி பன் புல்லைக் கீழே வைத்தார். அவர் குனிந்து கொடுக்க, இரண்டு கையாலும் நெற்றி, காது, கன்னம் என்று தடவிப் பார்த்தார். "மீசை வச்சிரிக்காய்" என்றார். பிறகு, "கூட ஆர்?"

"உங்கட மருமகள்."

மாமி கையை நீட்டினார். நான் பக்கத்தில் இருந்து என் கையைக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டே மகன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கருவாட்டுக்காரரிட்டச் சொல்லிவிட்டனே மனே. கொஞ்சம் வெளிச்சம் இரிக்கக்குள்ள வரச் சொல்லி. கிடைக்கல்லயா உனக்கு?"

என் கை மாமியின் கைக்குள் இருந்தது.

"கிடைச்சதம்மா" என்றார் அவர், யோசிக்காமல். "எனக்குத்தான் வேல. வர ஏலாமப் போயிட்டு."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கருவாட்டுக்காரர் காலையில் அந்த ஐஸ் உடைக்கும் இடத்தில்தான் தேநீர் குடிப்பார் என்று இவரே எப்போதோ சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கருவாட்டுக்காரர் இவரிடமும் சொல்லியிருக்கிறார். தை மாதமே இவருக்குத் தெரியும், நான் மறைத்ததும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அதற்குப் பிறகும் ஒவ்வொரு காலையும் ஐஸ் கொண்டுவந்து தந்திருக்கிறார். என்னை ஒரு இரவு தனியே விட்டுப் போகாமல் மண்டபத்தில் படுத்திருக்கிறார்.

"அப்படி என்ன வேல உனக்கு?" என்று மாமி தொடங்கினார். அடுப்பு மூட்டும்போதும் ஏசினார், மீன் வெட்டும்போதும் ஏசினார். பெத்தவளை விட மீன் பெரிதாகப் போயிற்றா என்றார். பெஞ்சாதி வீட்டுச் சோறு கண்ணை மறைத்ததா என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கினார். ஒரு வசனம் போதும், "மாமி, நான்தான் சொல்லல்ல" என்று. மூன்று சொல். வாய் வரைக்கும் வந்தது.

மாமி தட்டைத் தடவி எனக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டார். "நீங்க தின்னுங்க மகள், உங்களில என்ன பிழை" என்றார்.

நான் சாப்பிட்டேன்.